வருத்தம் பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே பிஸ்கற் பெட்டிகள் வீட்டுக்கு வரத் தொடங்கிவிடும். பிறகு தோடம்பழம், அப்பிள், சத்துமாப் பெட்டி. கொண்டுவருபவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்படி விழுந்தது, எந்தப் பக்கமாக விழுந்தது என்று முதலிலிருந்து கேட்பார்கள். இதற்கு வருத்தம் பார்க்கப் போவது என்று பெயர். போகாமல் விட்டால் அது பெரிய குறை. கலியாண வீட்டில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் ஒன்று உண்டு. வருத்தக்காரர் படுத்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்திருந்தால் வந்தவர்களின் முகம் சுண்டிப்போகும். நடந்து திரிந்தால், இதைப் பார்க்கவா பஸ் பிடித்து வந்தோம் என்று நினைப்பார்கள்.

என் தொழில் அந்தச் சட்டத்துக்கு நேர் எதிரானது. கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், இடுப்புப் பக்கத்தில் எலும்பு முறிந்த வயதானவர்களை எழுப்பி நடக்கவைப்பது என் வேலை. இயன்மருத்துவர் என்று என்னைக் கூப்பிட வேண்டும். யாரும் கூப்பிடுவதில்லை. 'எக்சசைஸ் மிஸ்' என்பார்கள். சில வீடுகளில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதுமே வருத்தக்காரர் கண்ணை மூடி நித்திரையாகிவிடுவார். அது கள்ள நித்திரை என்பது மூச்சிலேயே எனக்குத் தெரியும். தட்டி எழுப்பிவிடுவேன்.

வட்டக்கச்சியில் இருந்த அந்த அம்மா ஒரு நாளும் கள்ள நித்திரை கொண்டவர் அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதைத் தாண்டியவர். குளத்துத் தண்ணீரை நம்பி அரசாங்கம் காணி கொடுத்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு சிறுபிள்ளையாக வந்து குடியேறியவர். காடு வெட்டியதும் நாற்று நட்டதும் கணவரைப் புதைத்த கையோடு வயலுக்குப் போனதும் எல்லாம் அவருடைய கதையில் ஒரே மூச்சில் வரும். கிணற்றடிச் சீமெந்தில் பாசி வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் மேற்பக்கம் முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து நன்றாகவே பொருத்தியிருந்தார்கள். எழுப்பி நடக்கவைக்கச் சொல்லித்தான் அனுப்பியும் இருந்தார்கள்.

வீட்டில் மகனும் மருமகளும். மருமகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய முதல் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனால் பொழுதுபடத்தான் கொண்டுவந்து இறக்கும். ஆகவே பகல் முழுக்கத் தாயைப் பார்ப்பது மகன்தான். நாற்பது வயதுக்காரர். நெல் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்ற மனிதர். தாயைக் கட்டிலிலிருந்து தூக்குவதும் மலசலத்துக்குச் சட்டி வைப்பதும் கழுவுவதும் உடுப்பு மாற்றுவதும் அவரே. அந்த ஊரில் அதைப் பற்றிக் கதைக்காத வாய் இல்லை. பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று, நான் வழி கேட்ட கடைக்காரர்கூடச் சொன்னார்.

நான் முதல் நாள் போனபோது கட்டிலை முன் ஹோலில் போட்டிருந்தார்கள். வருகிற ஆட்கள் பார்க்க வசதி. அம்மா கழுத்து வரை போர்த்தியபடி மல்லாந்து கிடந்தார். கட்டிலைச் சுற்றி நாலு பிளாஸ்ரிக் கதிரைகள். ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த வோக்கர் அலுமாரிக்குப் பின்னால் நின்றது, அதன் மேல் சுற்றியிருந்த பொலித்தீனைக்கூடக் கழற்றவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைப் பாராட்டி வளர்க்க நேரம் கிடைக்கவில்லை. மகன் எனக்குத் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனதும் அம்மா என் கையை எட்டிப் பிடித்தார்.

"பிள்ளை, எனக்கு ஓடியாடித் திரிய வேண்டாம். உந்தக் கக்கூசுக்குத் தனியப் போய் வரப் பண்ணிவிடும், காணும்."

"ஏனம்மா, மகன் நல்லாத்தானே பாக்கிறார்?"

"அதுதான் பிள்ளை." குரலை இன்னும் இறக்கினார். "நான் பெத்த ஆம்பிளைப் பிள்ளை. அவன் என்னைக் கழுவிற நேரம் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பன். அவன் என்னைப் பாக்கிறதை நான் பாக்கக் கூடாது எண்டு."

அவரே தொடர்ந்தார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், பங்கருக்குள் கிடந்த நாட்களில்கூட, மூலையில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்பு வைத்தவராம். ஷெல் வந்து விழுந்த நேரத்திலும் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு இருந்தவராம். "அவ்வளவு பாத்தும் என்ன, கடைசியில இப்பிடிக் கிடக்கிறன்," என்றார். தேத்தண்ணீர் வந்ததும் கையை விட்டுவிட்டு, மழை எப்போது தொடங்கும் என்று என்னிடம் கேட்டார்.

இத்தனை வருடத்தில் நடக்க வேண்டும் என்று ஒருவர் இவ்வளவு ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. அன்பாகச் சொல்லியும் வெருட்டியும் நான் மற்றவர்களிடம் கொண்டுவர முடியாத வேகத்தை, அந்த வெட்கம் அவருக்குக் கொடுத்திருந்தது. எனக்குள் நம்பிக்கை வந்தது. என் தொழிலில் அது அடிக்கடி வருகிற சாமான் இல்லை.

இந்த முறிவில் பொறுத்திருந்து பார்க்கலாம் என்பதே கிடையாது. தகடு வைத்த எலும்பு தன்பாட்டில் பொருந்தும். தசை அப்படி இல்லை, படுக்கப் படுக்கக் கரையும். முழங்கால் மடிந்தபடியே இறுகும். சளி நெஞ்சில் கட்டும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் பிறகு எவ்வளவு மாரடித்தாலும் அந்தக் கால் வராது. மகனுக்கு இதை ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். ஓம் மிஸ், ஓம் மிஸ் என்று தலையாட்டினார். தலையாட்டியபடியே தாயின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து அப்படியே தூக்கி உட்காரவைத்தார்.

"அண்ணை, கையை எடுங்கோ. அவா தானா எழும்பட்டும்."

"நோகும் மிஸ்."

"நோகத்தான் செய்யும். நொந்தால்தான் கால் வரும்."

அவர் கையை எடுத்தார், ஆனால் இரண்டு கையையும் விரித்தபடி ஆயத்தமாகவே நின்றார். தாய் கொஞ்சம் ஆடினால் போதும், கை தானாகப் பாய்ந்துவிடும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசியிருப்பேன். நல்ல மனிதரை என்ன சொல்லி ஏசுவது?

அம்மா படித்தார். கட்டில் ஓரத்தில் இருந்து குண்டியை முன்னுக்கு நகர்த்தி எழும்புவது, வோக்கரைத் தள்ளி முறிந்த காலை வைத்து அதன்பின் நல்ல காலைக் கொண்டுவருவது. பின்வாசலில் படிகள் இருந்தன. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே செய்வார். நோவில் முகம் கறுக்கும், பல்லைக் கடிப்பார், ஆனால் போதும் என்ற சொல் வராது. கக்கூஸ் கிணற்றடிக்கு அப்பால், வளவின் பின்பக்கம் இருந்தது. குந்தியிருக்கும் கக்கூஸ். அதற்காக ஒரு பழைய பிளாஸ்ரிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டித் தரச் சொன்னேன். மகன் அன்றைக்கே வெட்டி, ஓரம் கீறாமல் உரசி வைத்திருந்தார். கேட்டதையெல்லாம் செய்கிறவர்தான்.

கரைச்சல் வாசல் படலையில் இருந்துதான் வரும்.

சைக்கிள் ஸ்ராண்ட் போடுகிற சத்தம் கேட்டதும் மகனின் முகம் மாறும். "அம்மா, ஆக்கள் வருகினம். படுங்கோ, படுங்கோ." ஒரு கையால் தாயைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, மறு கையால் வோக்கரை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுவார். வந்தவர்கள் உட்கார்ந்து, அம்மா விழுந்த கதையை இன்னொரு முறை கேட்டு, உச்சுக்கொட்டி, மகனின் பொறுமையை அவர் முகத்துக்கு முன்னாலேயே புகழ்ந்து, தேத்தண்ணீர் குடித்துப் போவார்கள். அதற்குள் என் நேரமும் முடிந்துவிடும். நான் இல்லாத நாட்களில் படலை எத்தனை முறை திறந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்ப்பேன்.

ஒரு நாள் முன்வீட்டு அக்கா சத்தமில்லாமல் வந்துவிட்டார். வயது அறுபது இருக்கும். அந்த ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன கறி என்பது அவருக்குத் தெரியும். கையில் தோடம்பழப் பை. அம்மா வோக்கரோடு ஹோலின் நடுவில் வியர்த்துப்போய் நின்றார். அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ, இந்த மனிசியை ஏன் உயிரோட வதைக்கிறியள்? பெத்த பிள்ளை குத்துக்கல்லு மாதிரி நிக்கேக்க, இந்த வயசில இவா நடந்து என்ன வயல் விதைக்கப் போறாவே?"

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "அக்கா, அந்தத் தோடம்பழத்தை அவான்ர கையில குடுங்கோ. குசினியில கொண்டுபோய் வைச்சிட்டு வரட்டும். நீங்கள் வந்ததுக்கு ஒரு பிரயோசனம் இருக்கும்."

அம்மா சிரித்தார். நான் அங்கே போன காலத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அக்கா சிரிக்கவில்லை. தோடம்பழத்தை மேசையில் பொத்தென்று வைத்துவிட்டுப் போனார். போன வேகத்தில் கதையும் போனது. எக்சசைஸ் மிஸ் வாய்க்காரி என்பது அதில் முதல் பங்கு. அது உண்மைதான், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இரண்டாம் பங்கு மகனைப் பற்றியது. தாயைப் பார்த்து அவனுக்கு அலுத்துப்போய்விட்டதாம். அதனால்தான் தையல் காய முதல் கிழவியை எழுப்பிக் கலைக்கிறானாம்.

அடுத்த முறை நான் போனபோது மகன் படலையிலேயே நின்றார். முகம் இருண்டிருந்தது.

"மிஸ், கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்பமே? ஊர் ஒரு மாதிரிக் கதைக்குது."

"ஊரே உங்கட அம்மாவைக் கழுவுது?"

"இல்லை மிஸ். ஆனா அம்மாவுக்குப் பிறகு நான் இந்த ஊரிலதானே இருக்கவேணும்."

அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை. காணி இரண்டு, கடன் கேட்கிற வீடு, வயலுக்குத் தண்ணீர் முறை விடுகிற ஆட்கள், எல்லாம் அந்த ஒழுங்கைக்குள்தான். அவரிடம் பெரிதாகக் காசில்லை. படிப்பும் இல்லை. தாயைத் தூக்குகிற மகன் என்ற பெயர்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் வோக்கருக்குப் பலி கொடு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தாயின் கால் இறுகிப்போகும் என்று மட்டும் திரும்பச் சொன்னேன். அன்றும் தலையாட்டினார்.

விதைப்புத் தொடங்கியது எங்களுக்கு வாசியாகப் போனது. மகன் வயலில், மருமகள் வேலையில், ஊர் முழுக்க வயலில். வருத்தம் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஒரு முற்பகல் நானும் அம்மாவும் மட்டும் வீட்டில். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பின்கதவைத் திறந்தேன்.

படி இறங்கினார். முறிந்த கால் முதலில். கிணற்றடியில் பாசியை முதல் நாளே மகன் உரஞ்சிக் கழுவிவிட்டிருந்தார், இருந்தாலும் அங்கே வந்ததும் அம்மா நின்று, விழுந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வோக்கரைத் தூக்கி வைத்து நடந்தார். நான் பின்னால், கை படாமல் போனேன். கக்கூஸ் வாசலில் வோக்கரை எப்படித் திருப்புவது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கதவடியில் நின்றேன். உள்ளே இருந்து குரல் வந்தது.

"பிள்ளை, கதவடியில நிக்கிறீரோ?"

"ஓமம்மா. விழுந்து கிழுந்தால் பிடிக்க."

"விழமாட்டன். அங்கால போய் நில்லும். அந்தத் தேசி மரத்தடியில போய் நில்லும்."

அதட்டலான குரல். ஒரு வீட்டுக்கு எஜமானியாக இருந்தவரின் குரல். தேசி மரம், எலுமிச்சைதான், வேலியோரம் இருந்தது. அங்கே போய் நின்றேன். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. என் தொழிலில் என்னை யாரும் அப்படிச் சந்தோசமாகத் துரத்தியதில்லை. கன நேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்மா சேலையைத் தானே சரிசெய்துகொண்டு நின்றார். "இனி என்னை ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை," என்றார்.

அந்தக் கிழமையே மழை பிடித்துக்கொண்டது. வன்னியில் மழை பெய்வது புதினமில்லை, ஆனால் அந்த முறை விடாமல் ஊற்றியது. குளம் நிரம்பிக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். தெருக்களுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. என் ஸ்கூட்டி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழ் நின்றது. போன் எடுத்தேன். அம்மாவுக்குத் தடிமன் என்றும் லேசாகக் காய்ச்சல் என்றும் மகன் சொன்னார். காய்ச்சல் விட்டதும் எழுப்பி இருத்துங்கோ, காலை நீட்டி மடக்குங்கோ என்றேன். ஓம் மிஸ் என்றார். பின்னால் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. வயலில் வெள்ளம் நின்றதால் ஊருக்கு மறுபடியும் நேரம் கிடைத்திருந்தது.

தண்ணீர் வற்றி, கிழமைக்கணக்கில் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது முதலில் கண்டது வோக்கரை. ஹோலின் நடுவில்தான் நின்றது. அதன் மேல் சாரமும் துவாயும் காயப் போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் வெளியே கொடியில் போட முடியாதுதானே. அம்மா மெலிந்திருந்தார். போர்வையை விலக்கினேன். இரண்டு முழங்காலும் மடிந்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. குதிக்காலில் புண். முறிந்த காலை மெதுவாக நீட்டப் பார்த்தேன். அது பாதியில் நின்றுவிட்டது. கை வைத்த உடனேயே எனக்குத் தெரிந்தது, ஆனால் தெரியாதவள்போல் அன்றும் அதற்கடுத்த முறைகளிலும் முயன்றேன். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன், தலையணை வைத்து இழுத்தேன், மகனும் நானுமாகச் சேர்ந்து நிமிர்த்திப் பார்த்தோம். கால் நிலத்தில் ஊன்றவே இல்லை. அம்மாவும் பல்லைக் கடிக்கவில்லை. நொந்தபோது, "விடும் பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

அவரைக் கோபப்படுத்தியாவது எழுப்பலாம் என்று பார்த்தேன். "அம்மா, கக்கூசுக்குத் தனியப் போகவேணும் எண்டனீங்கள். தேசி மரம் உங்களைத் தேடுது," என்றேன்.

"அது முந்தி, பிள்ளை," என்றார்.

நான் கடைசியாகப் போன நாளில் ஹோல் நிறைய ஆட்கள். முன்வீட்டு அக்காவும் தோடம்பழமும், நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த சொந்தக்காரர் மூன்று நாலு பேரும். நாலு கதிரையும் நிரம்பி மிச்சப் பேர் பாயில் இருந்தார்கள். எனக்கும் ஒரு பிஸ்கற் தட்டு நீட்டினார்கள். நான் இப்போது அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், நானும் வருத்தம் பார்க்க வந்த ஆட்களில் ஒருத்தியாகத்தான் கணக்கு.

பேச்சின் நடுவில் மகன் தாயின் முகத்தைப் பார்த்தார். ஏதோ விளங்கிக்கொண்டவராக எழுந்துபோய் வாளியில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார். அம்மாவை மாற்ற வேண்டியிருந்தது.

"ஒருக்கால் எல்லாரும் வெளியில இருக்கிறியளே?" என்று தயங்கிக் கேட்டார். அவரிடம் அந்த மரியாதை எப்போதும் உண்டு.

நெடுங்கேணிக்காரர்கள் எழும்ப ஆயத்தமானார்கள். அம்மா தலையைத் திருப்பினார்.

"பரவாயில்லை, மழை தூறுது. இருக்கட்டும்," என்றார்.

அவர்கள் திரும்பவும் உட்கார்ந்தார்கள். மகன் போர்வையை விலக்கினார். அம்மாவின் கண்கள் திறந்தபடி கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. "பாத்தியளே, பிள்ளை எண்டால் இது பிள்ளை," என்று முன்வீட்டு அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

நான் மட்டும் எழும்பினேன். பின்கதவைத் திறந்து, படி இறங்கி, கிணற்றடியைத் தாண்டி நடந்தேன். ஓட்டை வெட்டிய கதிரை கக்கூஸ் சுவரோடு கவிழ்ந்து கிடந்தது. வேலியோரத்துத் தேசி மரத்தடியில், அவர் அன்று என்னை நிற்கச் சொன்ன இடத்தில், மழைக்குள் போய் நின்றேன்.